தையற்காரப் பெண் சொன்ன குடும்பக் கதை

தந்தி ஆபீஸில் பல வருஷம் எனக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். வயது 71. பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்துகொண்டு, தேறிவிட்டார். ஆள்தான் பாதியாக இளைத்திருந்தார். காப்பி குடித்து முடித்ததும் மஞ்சள் பையிலிருந்து ஒரு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார்.

"ஏம்பா, நீதான் கண்டதையும் படிக்கிறவனாச்சே. இதுல 'மைக்ரோசாட்டிலைட்'னு என்னமோ போட்டிருக்கு பாரு. சாட்டிலைட்னா ஸ்ரீஹரிகோட்டாவிலேர்ந்து விடுறதுதானே? அது எப்படி என் வயித்துக்குள்ள போச்சு?"

இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்து அவர் கேட்டதற்குச் சிரிக்க முடியவில்லை.

"எங்கம்மா, பெரிய மாமா, சின்ன மாமா, மூணு பேருமே வயித்துக் கட்டியிலதான் போனாங்க. குலதெய்வத்துக்கு ஏதோ குறை வச்சுட்டோம்னு வீட்டுல சொல்லுவாங்க. இது என் பசங்களுக்கும் வருமா?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. நான் டாக்டரும் இல்லை. ஒரு மாதம் உட்கார்ந்து படித்ததில், அவர் கேட்ட அதே கேள்வியை 130 வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் ஒரு தையற்காரப் பெண் கேட்டிருக்கிறாள் என்பது தெரிந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1895. மிச்சிகன் மாகாணத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்குறியியல் டாக்டர் இருந்தார். அவருக்குத் தெரிந்த தையற்காரப் பெண் ஒருத்தி ஒரு நாள் முகம் வாடியிருந்தாள். என்னம்மா என்று விசாரித்தார். தனக்கு இப்போதைக்கு ஒரு நோயும் இல்லை, ஆனாலும் சின்ன வயதிலேயே வயிற்றிலோ குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்து செத்துப்போவது நிச்சயம், ஏனென்றால் தன் குடும்பத்தில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போனார்கள் என்று அவள் சொன்னாள்.

நம் ஊரானாலும் அந்த ஊரானாலும் டாக்டர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? "அதெல்லாம் ஒண்ணுமில்ல, தைரியமா இரு" என்று அனுப்பிவைப்பார்கள். வார்த்தின் அவளிடம் பெயர்களைக் கேட்டார். தாத்தா யார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், யார் யார் எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்று எழுதிக்கொண்டார். ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அது. ஒன்றிரண்டு வருஷம் இல்லை, ஏறக்குறைய இருபது வருஷம் விவரம் சேர்த்து 1913ல் கட்டுரையாக வெளியிட்டார். புற்றுநோய் கண்ட அந்தத் தாத்தாவின் வழிவந்த 48 பேரில் 17 பேர் புற்றுநோயால் இறந்திருந்தார்கள் அல்லது அதற்காக ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். கட்டுரையில் அந்தக் குடும்பத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஜி குடும்பம்'.

தையற்காரப் பெண் பயந்தபடியே நடந்தது. கர்ப்பப்பைப் புற்றுநோயில் சின்ன வயதிலேயே போய்விட்டாள்.

வார்த்தின் எழுதியதை அதிகம் பேர் சட்டை செய்யவில்லை. புற்றுநோய் பரம்பரையாக வரும் என்பதை அந்தக் காலத்து வைத்தியர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. 'நல்ல வித்து, கெட்ட வித்து' என்று மனிதர்களைத் தரம் பிரிக்கும் கொள்கை அப்போது மேல்நாடுகளில் கொடிகட்டிப் பறந்தது. வார்த்தினும் அந்தப் பேச்சில் விழுந்தவர்தான். பிறகு ஹிட்லர் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினான் என்பது எல்லாரும் அறிந்தது. அதற்குப் பின் 'குடும்ப ரத்தத்திலேயே நோய்' என்று யாராவது வாயைத் திறந்தாலே மற்றவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். வார்த்தின் 1931ல் காலமானார். அவருடைய காகிதக் கட்டுகள் பல்கலைக்கழகத்திலேயே தங்கின.

இரண்டாவது ஆள் ஹென்றி லிஞ்ச். இவர் வாழ்க்கையை வைத்து ஒரு சினிமாவே எடுக்கலாம். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வேறொருவர் அடையாளத்தைக் காட்டி இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் சேர்ந்தவர். திரும்பி வந்து கொஞ்ச காலம் குத்துச்சண்டை போட்டுச் சம்பாதித்தார். அதன் பிறகு படித்து, டாக்டரானார்.

1962ல் நெப்ராஸ்கா மாகாணத்தில் ஒமாகா நகரத்து மருத்துவமனையில் பயிற்சி டாக்டராக இருந்தபோது, குடியினால் நடுக்கம் கண்ட ஒரு நோயாளி அவர் பொறுப்பில் வந்தார். ஏன் இப்படிக் குடிக்கிறாய் என்று கேட்டதற்கு, "எப்படியும் நான் குடல் புற்றுநோயில்தான் சாகப்போகிறேன், எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான்" என்கிற அர்த்தத்தில் அவர் பதில் சொன்னாராம். தையற்காரப் பெண் சொன்னதேதான், 67 வருஷம் கழித்து, வேறு ஊரில்.

லிஞ்சும் வார்த்தினைப் போலவே பெயர்களை எழுத ஆரம்பித்தார். ஆன் க்ரஷ் என்ற சமூகப் பணியாளர் கூடவே துணைக்கு நின்றார். அந்த அம்மையாரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம்தான். வீடு வீடாகப் போய் உறவினர்களிடம் பேசி, ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேடிப் பிடித்து, இரண்டு பெரிய குடும்பங்களின் வரலாற்றை 1966ல் வெளியிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், வார்த்தின் விட்டுச்சென்ற காகிதக் கட்டுகளை லிஞ்சிடம் ஒப்படைத்தார்கள். தையற்காரப் பெண்ணின் குடும்பத்தைத் திரும்பத் தேடிக் கண்டுபிடித்து, 1895 முதல் 1970 வரையிலான கதையை அவரும் க்ரஷும் 1971ல் எழுதினார்கள்.

அப்போதும் பெரிய வரவேற்பு இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் மறுப்புக் கடிதம்தான் வந்தது. புகையும் ரசாயனமும் சாப்பாடும்தான் காரணம் என்பது அன்றைய பேச்சு. ஒரே குடும்பமென்றால் ஒரே சாப்பாடுதானே, அதனால் வந்திருக்கும் என்றார்கள். பரம்பரை என்று சொல்கிறீரே, உடம்பில் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது, காட்டும் என்றால் லிஞ்சிடம் காட்ட ஒன்றும் இல்லை.

காட்ட வேண்டியது வேறொரு பக்கத்தில், எல்லாரும் குப்பை என்று ஒதுக்கிய இடத்தில் கிடந்தது. இங்கேதான் நண்பர் கேட்ட சாட்டிலைட் வருகிறது.

நம் செல்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்தில் எழுதிய நீளமான ஏடு. அப்பா வழி ஒரு பிரதி, அம்மா வழி ஒரு பிரதி, ஒவ்வொன்றிலும் சுமார் 300 கோடி எழுத்து. இதில் புரதம் செய்யச் சொல்லும் வாசகம் 2 சதவீதம்கூட இல்லை. ஏறக்குறைய பாதி, வந்ததே திரும்பத் திரும்ப வரும் எழுத்து.

1960களில் டி.என்.ஏ.யை வேகமாகச் சுழற்றிப் பிரித்தபோது பெரிய பட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டை தனியே நின்றது. கிரகத்தின் பக்கத்தில் துணைக்கோள் மாதிரி நின்றதால் அதற்கு சாட்டிலைட் என்று பெயர். ராக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் அவ்வளவே. உள்ளே பார்த்தால் ஒரே வாசகம் ஆயிரக்கணக்கான தடவை. 1968ல் பிரிட்டன், கோன் என்ற இருவர் டி.என்.ஏ.யின் இரட்டை இழையைச் சூட்டில் பிரித்து, ஆறவிட்டு, எவ்வளவு நேரத்தில் மறுபடி ஜோடி சேருகிறது என்று அளந்தார்கள். ஒரு பகுதி மட்டும் மின்னல் வேகத்தில் சேர்ந்தது. கல்யாண மண்டப வாசலில் எல்லாருடையதும் ஒரே அளவு, ஒரே நிற ஹவாய் செருப்பாக இருந்தால் ஜோடி தேட எவ்வளவு நேரமாகும்? அந்த மாதிரி. 1972ல் சுசுமு ஓனோ என்ற விஞ்ஞானி, வாசகம் இல்லாத இந்த எழுத்துகளைக் 'குப்பை டி.என்.ஏ.' என்று எழுதினார். பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தத் திரும்பல்களில் மிகச் சிறியவைதான் மைக்ரோசாட்டிலைட். ஒன்று முதல் ஆறு எழுத்துவரை உள்ள துண்டு, சிஏ சிஏ சிஏ சிஏ என்றோ வெறும் ஏஏஏஏஏ என்றோ தொடரும். இவை ஏடு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் ஏட்டைப் பிரதி எடுக்க வேண்டும். இம்மாதிரி இடத்தில் பிரதி எடுக்கிறவனுக்குக் கை வழுக்கும் என்று 1966லேயே ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இது உடனே புரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மோர்ஸ் கற்றுக்கொண்டவன். எஸ் என்றால் மூன்று புள்ளி, எச் என்றால் நான்கு, எண் 5 என்றால் ஐந்து. கோடும் புள்ளியும் கலந்து வந்தால் காது ஏமாறாது. வெறும் புள்ளியாக வேகமாக வந்தால் நான்கா ஐந்தா என்று தடுமாறும். ஒரு தடவை 5 என்பதை எச் என்று எழுதி, சீனியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால்தான் எண்களைக் கடைசியில் இன்னொரு முறை அடித்துச் சரிபார்க்கும் பழக்கம் வைத்திருந்தோம். சரிபார்க்கிறவன் லீவு போட்டால் என்ன ஆகும்? மற்ற வார்த்தைகள் தப்பித்துவிடும். புள்ளிகள் வரிசையாக வரும் இடத்தில்தான் முதலில் பிழை தெரியும்.

உடம்பிலும் அப்படி ஒரு சரிபார்ப்பு உண்டு. இதை முதலில் பாக்டீரியாவில் கண்டார்கள். அது வேலை செய்யும் விதத்தைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டிய பால் மாட்ரிச்சுக்கு 2015ல், வேறு இருவரோடு சேர்த்து, வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி 1993. இந்த வருஷத்தில் நடந்ததை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன், அவ்வளவு ருசி. பின்லாந்தில் ஆல்பர்ட் டி லா சாப்பெல், அமெரிக்காவின் பால்டிமோரில் பெர்ட் வோகல்ஸ்டீன், இவர்களுடைய குழுக்கள் சேர்ந்து லிஞ்ச் சொன்ன மாதிரிக் குடும்பங்களில் கெட்ட ஜீன் எங்கே என்று தேடின. அடையாளக் கல்லாக மைக்ரோசாட்டிலைட்டுகளை வைத்துக்கொண்டார்கள். வீட்டைத் தேடும்போது மைல்கல்லைப் பார்த்துக்கொண்டு போவதில்லையா, அதுபோல. மைல்கல்லைப் பற்றி யாருக்கு அக்கறை? வீடுதான் வேண்டும். இரண்டாவது குரோமோசோமில் என்றவரை வந்துவிட்டார்கள். கட்டியில் அந்த இடத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும் என்று எதிர்பார்த்துப் பார்த்தார்கள். காணாமல் போகவில்லை. மைல்கல்களே மாறியிருந்தன! நோயாளியின் ரத்தத்தில் சிஏ இத்தனை தடவை என்றால், அதே ஆளின் கட்டியில் கூடவோ குறையவோ இருந்தது. ஒரு இடத்தில் இல்லை, பார்த்த பல இடங்களிலும்.

அதே மே மாதம் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஸ்டீஃபன் திபோடோவும் இதையே அறிவித்தார், அதுவும் பெருங்குடலின் வலது பக்கத்துக் கட்டிகளில்தான் அதிகம் என்று. அடுத்த மாதம் கலிபோர்னியாவிலிருந்து மனுவல் பெருச்சோ குழுவின் கட்டுரை: இப்படிப்பட்ட கட்டியின் ஒரு செல்லில் ஒரு லட்சத்துக்கு மேல் இம்மாதிரித் திக்கல்கள் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

புற்றுநோய்க்காரர்கள் இதென்ன என்று விழித்துக்கொண்டிருந்தபோது, மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டை வைத்து வேலை செய்த டாம் பீட்டஸ் குழுவுக்கு விஷயம் புலப்பட்டது. ஈஸ்ட்டில் சரிபார்க்கும் ஜீனைக் கெடுத்தால், திரும்பல்களில் பிழை 100 முதல் 700 மடங்கு கூடுகிறது என்று செப்டம்பரில் எழுதினார்கள். அப்படியானால் இந்தக் குடும்பங்களில் கெட்டிருப்பது சரிபார்க்கிறவன்தான். பிறகு ஒரே ஓட்டப் பந்தயம். டிசம்பரிலேயே ஃபிஷல், கோலட்னர் குழு ஒரு பக்கமும் வோகல்ஸ்டீன் குழு ஒரு பக்கமுமாக எம்.எஸ்.எச்.2 என்ற ஜீனை, இரண்டாவது குரோமோசோமில், பிடித்துவிட்டார்கள். அடுத்த மார்ச்சில் எம்.எல்.எச்.1.

அம்மா அப்பா தரும் இரண்டு பிரதியில் ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். அதனால்தான் இவர்கள் பிறக்கும்போது ஆரோக்கியமாக இருக்கிறார்கள், தையற்காரப் பெண்ணும் இருந்தாள். என்றைக்கோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் போனால், அன்றிலிருந்து அந்த செல்லில் சரிபார்ப்பு கிடையாது.

சரி, குப்பையில் நாலு எழுத்து கூடினால் என்ன, குறைந்தால் என்ன? நானும் அப்படித்தான் நினைத்தேன். திரும்பல் குப்பையில் மட்டும் இல்லை, புற்றுநோயைத் தடுக்கும் ஜீன்களுக்குள்ளேயும் இருக்கிறது என்பதுதான் வினை. 'போதும், வளராதே' என்ற சேதியை செல்லுக்குள் வாங்கிக்கொள்ளும் ஒரு ஜீன் உண்டு. அதன் வாசகத்தில் ஓரிடத்தில் தொடர்ந்து பத்து ஏ வருகிறது. இந்தக் கட்டிகளில் அது ஒன்பதாகவோ எட்டாகவோ ஆகிவிடுகிறது என்று 1995ல் கண்டார்கள். செல் தன் வாசகத்தை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். 'அரச மரம் பழம் தரும்' என்பதில் ஒரு 'ர' விழுந்துவிட்டால் 'அசம ரம்ப ழம்த ரும்' என்று ஆகிவிடும். சேதி போச்சு. அதே மாதிரி, கெட்டுப்போன செல்லைத் தானே சாகச் சொல்லும் ஜீன் ஒன்றில் எட்டு ஜி வரிசையாக இருக்கிறது. அதுவும் வழுக்குகிறது என்று 1997ல் தெரிந்தது. வேகமாக ஓடும் வண்டியில் பிரேக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்த கதை.

ஜி குடும்பத்துக்கு வருவோம். அவர்களுடைய பிழை எம்.எஸ்.எச்.2 ஜீனில் இருப்பது 2000ல் தெரியவந்தது. டி இருக்க வேண்டிய இடத்தில் ஜி. ஒரே ஒரு எழுத்து. தையற்காரப் பெண் வாய் திறந்து 105 வருஷம் ஆகியிருந்தது. லிஞ்ச் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். அந்த நோய்க்கு இப்போது அவர் பெயர்தான், லிஞ்ச் சிண்ட்ரோம். 2019ல் 91 வயதில் காலமானார்.

இந்த ஆராய்ச்சி வெறும் ஏட்டுச் சுரைக்காயாக நிற்கவில்லை. சரிபார்ப்பு இல்லாத கட்டியில் உளறல் புரதங்கள் ஏராளம் என்பதால், நம் உடம்பின் எதிர்ப்பு சக்திக்கு அது அந்நியன் என்று அடையாளம் காண்பது சுலபம். எதிர்ப்பு சக்தியைக் கட்டிப்போடும் பிடியைத் தளர்த்தும் மருந்து இவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. மற்ற சிகிச்சைக்கு அடங்காத நோயாளிகளுக்கு, புற்று எந்த உறுப்பில் இருந்தாலும் திக்கல் இருந்தால் போதும் என்று அத்தகைய மருந்து ஒன்றுக்கு 2017 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். உறுப்பைப் பார்க்காமல் ஜீன் அடையாளத்தைப் பார்த்துக் கொடுத்த முதல் அனுமதி அது. 2022ல் நியூயார்க்கில் மலக்குடல் புற்று கண்டு இவ்வகை மருந்தை எடுத்துக்கொண்ட 12 பேருக்கும் கட்டி மறைந்தது என்ற செய்தி நம் பத்திரிகைகளிலும் வந்தது, படித்திருப்பீர்கள்.

நண்பரைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். குடல் புற்றில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இந்தத் திக்கல் இருக்கிறது. அதில் பெரும்பாலோருக்குப் பரம்பரை காரணமே இல்லை. வயதான பின் எம்.எல்.எச்.1 ஜீன் அந்தக் கட்டியில் மட்டும் தானாகவே வாயை மூடிக்கொள்வதால் வருவது. ஆகவே ரிப்போர்ட்டைப் பார்த்ததும் குடும்பமே நடுங்க வேண்டியதில்லை. அடுத்த பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

செய்தார்கள். அவருக்கு வந்தது பரம்பரை வகைதான். எம்.எஸ்.எச்.2.

பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தப் பரிசோதனையில் இல்லையென்று வந்தால் அதோடு நிம்மதி. இருக்கிறதென்று வந்தால் டாக்டர் சொல்லும் வயதிலிருந்து ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கொலோனாஸ்கோப்பி பார்த்து, கட்டியாகும் முன்பே எடுத்துவிடலாம். இவ்வளவு சொல்லியும் அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"பேத்திக்கு வரன் பாத்துட்டிருக்காங்க. இது வெளிய தெரிஞ்சா யார் வருவா? நீயும் எங்கேயும் மூச்சு விடாதே."

அவருடைய அம்மா காலத்திலும் இப்படித்தான் மூடிவைத்திருப்பார்கள். கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த நிலைமையில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேனோ. தையற்காரப் பெண்ணின் கதையை மறுபடி ஒரு தடவை சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அவரே வந்தார். மகன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டானாம், மகள் யோசிக்கிறாளாம். இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, பேரும் ஊரும் இல்லாமல் எழுது என்றார். போகும்போது ஒரு தினக்காலண்டர் தாளை மேஜைமேல் வைத்தார். பின்பக்கத்தில் பென்சிலால் பெயர்கள். அம்மா வழித் தாத்தா, அவருடைய அக்கா, இரண்டு மாமா, சித்தி, சித்தியின் மூத்த மகன். பதினொரு பேர். சிலருக்கு வருஷம் தெரிந்திருக்கிறது, சிலருக்கு இல்லை. ஏழு பெயருக்கு எதிரில் 'வயிறு' என்று மட்டும் எழுதியிருந்தார். இதை டாக்டரிடம் கொடுக்க வேண்டும், நீ ஒருமுறை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடு என்றார்.